எக்ஸ்ரே வண்டி நின்ற இடங்கள்

அவளை எல்லோரும் எக்ஸ்ரேம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊராகப் போய் நெஞ்சுப் படம் எடுக்கிற வேனில் வேலை. மலையடிவாரம், ஏரிக்கரை, காட்டோரக் குடியிருப்பு என்று, ஆஸ்பத்திரி எட்டிக்கூடப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் அந்த வேன் போகும். மிஷினுக்கு அவள், வண்டிக்கு டிரைவர் அண்ணன். மூன்றாவது ஆள் கிடையாது.

நாளெல்லாம் கறுப்பு வெள்ளையில் விலா எலும்பு பார்க்கிற பெண்ணுக்கு வண்ணப் பைத்தியம் பிடித்தது மகளால். மகளின் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிய பாஸ்டல் வண்ணப் பெட்டி அது. மெழுகுக் கட்டி இல்லை, தொட்டாலே விரலில் மாவாக ஒட்டுகிற ரகம். சீருடை பாழாகிறது என்று மகள் அதைக் கைகழுவிவிட்டாள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று இவள் எடுத்து வேலைக்குப் போகும் பையில் போட்டுக்கொண்டாள். இப்போது வீட்டுச் சுவரில் இடமில்லை. குளியலறைக் கதவில் ஒரு நாரை நிற்கிறது. "குளிக்கும்போதும் ஒருத்தர் மொறச்சுப் பாக்கணுமா?" என்று கணவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

முதல் தடவை, கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள். வாந்தி வருகிறது போலும் என்று பதறிய அண்ணன், வண்டியை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடி வந்தார். இவளோ மடியில் பலகையை வைத்து நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறொருவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். அவர் பையை மடித்து வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

"வண்டி ஆடுனா கையும் ஆடும்ல" என்றார்.

அன்றிலிருந்து 'ஒரு நிமிஷம்' என்பது அவர்களுக்குள் ஒரு தனிக் கணக்கு. கொக்குக்கு ஒரு மாதிரி நீளும், மலைமேல் இறங்குகிற மேகத்துக்கு வேறு மாதிரி நீளும். வெயில் பலகையில் விழுந்தால், சொல்லாமலே வண்டியை நகர்த்தி நிழல் பண்ணிக் கொடுப்பார். முகாமுக்குத் தாமதமாகப் போய் நின்றால், அங்கே காத்திருக்கிற டாக்டர் முறைப்பார். "டயர்ல காத்து எறங்கிடுச்சு சார்" என்று அண்ணன் கூசாமல் சொல்வார். அந்த டயருக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் மானநஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

இத்தனை செய்தவர் ஒரு படத்தையும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் வரைய உட்கார்ந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பார்த்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்பது அவர் எண்ணம். அவருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். துடைப்பதற்கும் காரணம் இருந்தது. எப்போதோ எக்ஸ்ரே பிளேட்டில் ஒரு தூசி இருந்து, நல்ல திடமான ஒரு மனிதரின் நுரையீரலில் புள்ளியாக விழுந்து, அந்தக் குடும்பமே அழுது தீர்த்திருக்கிறது. அதன்பிறகு தூசி என்றால் அண்ணனுக்கு ஜென்மப் பகை.

இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. வரப்போகிற டிரைவர் நிறுத்துவாரோ மாட்டாரோ என்று அவளுக்குக் கவலை இருந்ததுதான். ஆனால் இந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லாமலே அனுப்பிவிடுவோமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வாயால் சொன்னால் "அதுக்கென்னம்மா" என்று தட்டிவிடுவார். படமாகக் கொடுத்தால் கைநீட்டி வாங்கித்தானே ஆக வேண்டும்?

என்ன படம் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அவள் கேட்காமல் அவராக வண்டியை நிறுத்தியது ஒரே ஒரு தடவைதான். மலைப்பக்கத்து ஆற்று வளைவில், உதட்டில் விரல் வைத்து, கீழே காட்டினார். தாயும் குட்டிகளுமாக நீர்நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டுகொண்டிருந்தன. அந்தக் காட்சியை ஆசை ஆசையாக வரைந்தாள். ஈர ரோமத்தின் பளபளப்புக்கே மூன்று பழுப்புகளைக் குழைத்தாள். ஒரு முகாமில் வண்டிக்குள் உட்கார்ந்து கடைசிக் கோட்டைப் போட்டு முடித்து, மேலே மூடப் பட்டர் பேப்பரை எடுக்கும் நேரத்தில், வெளியே ஒரு நோயாளிக்குத் தலைசுற்றல் என்று கூப்பிட்டார்கள். படத்தைப் பெஞ்சில் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் வண்டி வாசலிலேயே நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்து வெக்க வேண்டாமாம்மா? ரோட்டுத் தூசி பூராவும் உங்க பலகை மேலதான். ஈரத் துணியப் போட்டு ஒரு பொட்டு விடாம எடுத்துட்டேன்."

பெஞ்சில் இருந்தது சேறு பூசிய காகிதம். ஆறும் இல்லை, நீர்நாயும் இல்லை.

"ஐயோ அண்ணே... அது தூசி இல்ல. அதுதாண்ணே படம், நீங்க காட்டுன நீர்நாய்!"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் வாய் தவறிவிட்டது. "உங்களுக்குன்னு வரைஞ்சது..."

"எனக்கா?"

கையிலிருந்த ஈரத் துணியில் ஒட்டியிருந்த பழுப்பை அவர் அப்போதுதான் பார்த்தார். திரும்புகிற வழியெல்லாம் அந்தத் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். குறை அவருடையதா என்ன? துடைக்கிற கைக்கு வண்ணப் பொடி எது, தெருப் புழுதி எது என்று எப்படித் தெரியும்?

அவருடைய கடைசிப் பயணம் அந்த மலைப்பக்கமே அமைந்தது. முகாம் முடிந்து திரும்புகையில், அவள் வாயைத் திறக்காமலே வண்டி ஆற்று வளைவில் போய் நின்றது. எஞ்சினை அணைத்தார்.

"நான் கெடுத்தத நானே கொண்டாந்து காட்டிடறேம்மா. வரும். வரைங்க."

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பாறையில் போய்க் குந்தினார். நீர்நாய்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியுமா? ஒன்றும் வரவில்லை. வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமானது. அண்ணன் அசையவில்லை. துடைக்க ஒன்றுமில்லாமல் அவர் கைகள் சும்மா இருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். மனிதர்களை அவள் வரைந்ததே இல்லை. அன்றாடம் அவர்களின் எலும்பைப் பார்ப்பதே போதும் என்றிருப்பாள். இப்போது பழுப்பை எடுத்து, அந்தக் கூன் முதுகிலிருந்து தொடங்கினாள்.

"வந்துச்சாம்மா? எனக்கு ஒண்ணும் தட்டுப்படலியே" என்று இருட்டத் தொடங்கும்போது கேட்டபடி மேலே வந்தார்.

"வந்துச்சுண்ணே." பலகையைத் திருப்பிக் காட்டினாள்.

முதல் தடவையாக அவர் ஒரு படத்தை நின்று பார்த்தார். கிட்டே வந்து, தள்ளி நின்று, மறுபடி கிட்டே வந்து பார்த்தார்.

"நானா இது? குந்தியிருக்கறது நீர்நாய் கணக்காவே இருக்கே!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் சொல்ல நினைத்ததைச் சொல்லியே விட்டாள். "நீங்க நிறுத்தலேன்னா, இதையெல்லாம் ஜன்னல் வழியா ஓட்டமா பாத்துட்டே போயிருப்பேன்ணே. என் கண்ணு தெறந்ததே நீங்க பிரேக் போட்டதாலதான். இது உங்களுக்கு."

"அதுக்கென்னம்மா" என்று அவர் சொல்லவில்லை. கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பலகையின் ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டார். வாங்கியவர் அப்படியே நின்றார். கன்னம் உப்பி, முகம் சிவந்துகொண்டே போனது. பொடி பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. மிஷின் முன்னால் நிற்பவர்களிடம் நாள் முழுக்கச் சொல்கிற அதே வார்த்தையை அவரிடமும் சொன்னாள்.

"மூச்சு விடலாம்ணே."

அவர் தலையசைத்தார். முகத்தைப் படத்திலிருந்து ஆற்றுப் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, அதன்பிறகுதான் மூச்சை விட்டார்.