கன்னியம்மாள் சொன்னதும் நான் எழுதாததும்

போன மாதம் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், வாலாஜாபாத் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவரைப் பார்த்தேன். தென்னேரிப் பக்கத்து விவசாயி. அலுவலக நாட்களிலிருந்து முகப்பழக்கம். தோளில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து எண்ணெய் கசிந்து சட்டையில் இறங்கியிருந்தது. என்ன சுமை என்று கேட்டேன். ஆயில் எஞ்சின் பம்பு, பழுது பார்க்க ஆள் தேடி வந்திருக்கிறேன் என்றார். உங்கள் ஊரிலேயே கன்னியம்மாள் இருக்க, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றேன்.

"அந்தம்மா பூட்டுச்சி சார். ஒம்பது நாளாவுது. அது இருந்தா நான் ஏன் இத தூக்கிக்கினு அலையப் போறேன்?"

நான்கு நாள் காய்ச்சலாம். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாராம். விவசாயிக்கு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் அவசரம். பம்புக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஏனாத்தூரிலிருந்து வாலாஜாபாத் வரை கிணற்றில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கன்னியம்மாளைத் தெரியும். 'எஞ்சினம்மா' என்றுதான் பலர் சொல்வார்கள். அவருக்கு ஏன் அந்தத் தொழில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தவறாகத்தான் தெரியும். அந்தத் தவறு என்னிடமிருந்து கிளம்பியது. அதனால் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் எங்கள் மீன்வளத் துறைக்குத் தென்னேரி ஏரியில் ஒரு படகு இருந்தது. ஏரி மீனைத் திருட்டு வலையிலிருந்து காப்பதும், பார்வையிட வரும் அதிகாரிகளைச் சுற்றிக்காட்டுவதும் அதன் வேலை. கடற்கரையில் பாய்மரப் படகாகப் பல வருடம் ஓடிக் கிழடான பின், ஒரு சிறிய டீசல் எஞ்சினைப் பொருத்தி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மரமும் பாயும் அப்படியே இருந்தன. கன்னியம்மாளின் கணவர்தான் முதல் டிரைவர். அவர் பாம்பு கடித்து இறந்ததும், கருணை அடிப்படையில் மனைவிக்குப் படகுக் காவலர் வேலை கொடுத்தார்கள். காவலர் என்றால் கரையில் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான் உத்தரவில் இருந்தது. நான் காஞ்சிபுரம் அலுவலகத்தில் எழுத்தர். மாதம் இரண்டு முறை ஏரிக்குப் போய் வருவேன்.

முதல் முறை நான் போனபோது, அவர் எஞ்சினைச் சுற்றியிருந்த பலகைகளைக் கழற்றிவிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று அதட்டினேன். அவர் பதறவில்லை. உள்ளங்கை அகலத்தில், ஆறு இதழ் உள்ள ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். ஏரித் தண்ணீரைப் படகின் அடியிலிருந்து உறிஞ்சி எஞ்சினைச் சுற்றி அனுப்பிப் பின்பக்கக் குழாய் வழியே வெளியே தள்ளுவது அந்தச் சக்கரம்தான். அது கிழிந்தால் எஞ்சின் வெந்துவிடும் என்றார். கணவரோடு வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றிப் பார்த்துப் பழகியிருந்தார். அவர் போன பிறகும் வெள்ளிக்கிழமையை விடவில்லை. ஒவ்வோர் இதழையும் விரலால் மடக்கி, அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். விளக்கெண்ணெய் தடவி, எல்லா இதழும் ஒரே பக்கம் சாயும்படி திரும்ப உள்ளே நுழைப்பார். மூடியை இறுக்கு முன் பழுப்புக் காகிதத்தில் புதிதாக ஒரு வளையம் வெட்டி வைப்பார். வடிகட்டியில் சேர்ந்த பாசியை வழித்து எறிவார். பிறகு எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் படகின் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"சத்தத்த கேட்டு ஏமாறாதீங்க சார். வால்ல தண்ணி வருதா பாருங்க" என்பார்.

அடுத்து டிரைவராக வந்தவர் முனுசாமி. நல்ல மனிதர். படகை ஓட்டுவதில் கெட்டிக்காரர். பம்பைத் தொடப் பிடிக்காது. ஒரு முறை ரப்பர் சக்கரத்துக்குக் கறுப்பு கிரீஸை அப்பி வைத்திருந்தார். கன்னியம்மாள் அதைச் சீயக்காய்த் தூளால் கழுவிக் கழுவி எடுத்ததைப் பார்த்தேன். கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும் என்று முனுசாமிக்கு அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முனுசாமி சிரித்துக்கொண்டே, "உன் புருசன் உனக்கு பம்ப கட்டி வெச்சிட்டு போயிட்டான்மா" என்றார். கன்னியம்மாளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதிய அதிகாரி வந்தார். விருந்தினர்களோடு ஏரியைச் சுற்றுவது அவருக்குப் பிடிக்கும். வெயிலுக்கு மேற்கூரை வேண்டும் என்றார். எஞ்சின் இருக்கும்போது பாய்மரம் எதற்கு என்று அதைப் பிடுங்கச் சொல்லி, அந்த இடத்தில் கம்பு நட்டுத் தார்ப்பாய்க் கூரை போட வைத்தார். பாயும் மரமும் உபயோகமற்றவை என்று ஏலத்தில் போயின. அந்த உத்தரவைப் படித்துக் காட்டியபோது கன்னியம்மாள், எஞ்சின் நின்றுபோனால் கரைக்கு வர வேறு வழியில்லை, பாயாவது இருக்கட்டும் என்று கேட்டார். அதிகாரியிடம் நானே சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை.

அந்த வருடமே ரப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ்கள் கிழிந்தன. புதியது சென்னையிலிருந்து வரவேண்டும். கன்னியம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, ஆடி மாதம் நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர் கைரேகை வைத்தார். பதில் இல்லை. ஆவணியில் ஒன்று. புரட்டாசியில் ஒன்று. மூன்றாவதில், மழைக்காலம் வருமுன் சக்கரம் மாற்றாவிட்டால் படகை ஓட்டக்கூடாது என்று அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். மூன்று கடிதமும் கோப்பில் ஏறின. அதிகாரியின் மேசைக்குப் போய், கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன. கன்னியம்மாள் பழைய லாரி டயரை அறுத்துத் தானே ஒரு சக்கரம் செய்து மாட்டினார். அரை மணி நேரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் என் பொறுப்பில்லை என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சின்ன காஞ்சிபுரத்தில் என் தெருவில் தறிக்குழிகளில் தண்ணீர் நிறைந்து, நான்கு நாளாக யாரும் நெய்யவில்லை. ஐந்தாம் நாள் காலை எங்களை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கல்கட்டான கலங்கல் வழியாக நுரைத்துக்கொண்டு வெளியேறியது. மேல்பக்கத்தில் நீர்பிடிப்புக்குள் இருந்த ஒரு சிறு குடியிருப்பில், கூரைமேல் பத்தொன்பது பேர். படகை அனுப்பு என்றார் அதிகாரி.

கன்னியம்மாள் குறுக்கே நின்றார். ஒரு நடை போகலாம், வந்ததும் எஞ்சினை ஆறவிட்டு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த நடை என்றார். முதல் நடையில் கைக்குழந்தைக்காரிகளை ஏற்றச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கரையில் நின்று பெயர்களை எழுதியவன் நான். தேசம்மாள் என்ற பெண் மடியில் கைக்குழந்தையோடு இறங்கி, தன் மூத்த மகள் அஞ்சலை தாத்தாவோடு அடுத்த நடையில் வருவாள் என்று என்னிடம் சொன்னாள். ஐந்து வயதுப் பெண்.

எஞ்சினை ஆறவிடவில்லை. மழை வலுத்துவிட்டது, உடனே போ என்று அதிகாரி கத்தினார். படகின் வாலில் தண்ணீர் நூல்போலத்தான் விழுந்தது. கன்னியம்மாள் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தானும் படகில் ஏறி எஞ்சினருகே உட்கார்ந்தார். காவலர் படகில் போகவேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை. அவர் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு எஞ்சின் மேல் ஊற்றிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஏரியின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றது. காற்று தார்ப்பாய்க் கூரையைப் பிடித்துப் படகைக் கலங்கல் பக்கம் தள்ளியது. முனுசாமி கத்தியால் கூரைக் கயிற்றை அறுத்தார். கன்னியம்மாள் பலகையைப் பிடுங்கித் துடுப்பாகப் போட்டார். படகு கலங்கல் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. கரையில் இருந்தவர்கள் கயிறு போட்டு ஆறு பேரைப் பிடித்தார்கள். முனுசாமி, அந்தத் தாத்தா, அஞ்சலை மூவரும் போய்விட்டார்கள். கன்னியம்மாளை இழுத்துப் போட்டபோது அவர் கையில் அஞ்சலையின் பாவாடைத் துணி கிழிந்து இருந்தது. தேசம்மாள் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் காஞ்சிபுரத்தில் விசாரணை. அதற்கு முன்தினம் அதிகாரி என்னை அழைத்தார். கோப்பிலிருந்து மூன்று கடிதங்களையும் உருவி எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். இது இருந்தால் நம் இருவருக்கும் வேலை போகும், உனக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றார். நான் மறுக்கவில்லை. அவர் மிரட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் பேசினார்.

மறுநாள் விசாரணைக் குறிப்பு எழுதும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பம்பு பழுது பற்றி எழுத்துமூலம் ஏதாவது வந்ததா என்று வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன்.

கன்னியம்மாள் சுவரோரம் நின்றிருந்தார். "சார் பொய் சொல்றாரு. அவரு கையாலதான் மூணு வாட்டி எழுதினாரு. நான் ரேகை வெச்சேன்" என்றார். குரல் உயரவில்லை. பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அந்த இடத்தில், 'சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்' என்று எழுதினேன். அவர் உண்மையில் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை. முதல் முறையாக இங்கேதான் எழுதப்படுகிறது. ஓய்வு பெற்று, இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் எழுதுகிறேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

படகுக் காவலரின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பாயிற்று. வேலை போயிற்று. அந்த உத்தரவை ஊரில் படித்துக் காட்டினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு மேல்பக்கக் குடியிருப்பைக் கலைத்து, அவர்களுக்குக் கரையோரத்தில் இடம் கொடுத்தார்கள். கன்னியம்மாள் இருந்த தெருவிலேயே, நான்கு வீடு தள்ளித் தேசம்மாளுக்கு வீடு.

அதன் பிறகுதான் அவர் விவசாயிகளின் எஞ்சின்களைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று பேரைக் கொன்ற பம்புக்காரி என்று முதலில் யாரும் கூப்பிடவில்லை. ஒரு கோடையில் கரும்பு காயும் நிலையில், வேறு ஆள் கிடைக்காமல் ஒருவர் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடாதவர் இல்லை. அவரிடம் பம்பு கொடுத்தவர்களுக்குத் தெரியும், பழுதை மறைத்து ஓட்டிக் காட்டமாட்டார். ஓடாது என்றால் ஓடாது என்பார். எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான்கு வருடத்துக்கு முன் ஏனாத்தூரில் என் மாமனாரின் கிணற்று எஞ்சின் நின்றது. எனக்குத் தெரியாமல் அவர் கன்னியம்மாளை வரவழைத்திருந்தார். நான் போனபோது கன்னியம்மாள் கிணற்று மேட்டில் பம்பைப் பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். வேலையை நிறுத்தவில்லை. மாமனாரோடு மட்டும் பேசினார். எல்லாம் முடிந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும், நான் மோர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. கைகளை வாய்க்காலில் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எனுக்கு வேலை போனது போவட்டும் சார். தேசம்மா என் மூஞ்ச பாத்து ஆறு வருசமாவுது. அவ பொண்ண நான் கொன்னேன்னு நெனச்சிக்கினு இருக்குறா. நீங்க வந்து அவளாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். மகளின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். நான்கு வருடம் போயிற்று.

பேருந்து நிலையத்தில் செய்தி கேட்ட ஏழாம் நாள், காரியத்தன்று போனேன். காரிய வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேசம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். மூன்று கடிதங்களையும் சொன்னேன், விசாரணையில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. வெகுநேரம் புடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அது ரெண்டு வாட்டி என் வாசல்ல வந்து நின்னுச்சி சார். நான் கதவ சாத்திக்கினேன். இப்ப நான் யாராண்ட போயி சொல்லுவேன்?" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர்கள் நம்மை மன்னித்துவிட்டதாக எழுதி முடிப்பது வழக்கம். கன்னியம்மாள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு நான் அவருக்கு இடம் கொடுக்கவும் இல்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது, கிணற்று மேட்டில் மோரை வாங்காமல் போன அந்தக் கோபம் ஒன்றுதான். அது நியாயமான கோபம். அவர் கேட்டது ஒரு வார்த்தை. அதை அவர் காதில் இனி விழ முடியாத காலத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.