பாலாவியில் பைதன் ஏற்றிய நாட்கள்

போன கிழமை புது மடிக்கணினியில் பைதன் என்ற நிரல்மொழியை ஏற்றினேன். ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வேலை இவ்வளவு சுலபமாக முடிந்தால் மனம் சும்மா இருப்பதில்லை. சூடேறிய பழைய கணினியின் புழுதி மணம் எங்கிருந்தோ வந்தது. கூடவே புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள பாலாவியும்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. புத்தளத்து முகாமில் வளர்ந்து, கொழும்பில் கணினி வகுப்பு முடித்து, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு திரும்பியிருந்தேன். இடம்பெயர்ந்தவர்களுக்கான ஒரு சின்னச் சங்கத்தில் வேலை. பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு கணினி. உப்பளக் காற்றில் கணினியின் பின்பக்க ஆணிகள் துருப்பிடித்திருந்தன. லொறி போனால் திரை நடுங்கும்.

ஊருக்குத் திரும்பி வீடு கட்ட உதவி கேட்பவர்களின் பட்டியலை மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். ஒரே ஆளின் பெயர் மூன்று கடதாசியில், மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது. முகம்மது என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று அங்கேதான் படித்தேன். சங்கத்துக்குப் பொறுப்பான ரிஸ்வான் நானா அலுமாரியைத் திறந்து காட்டினார்.

"கையால பாத்தா ஆறு மாசம் போகும் தங்கச்சி. வெள்ளிக்குள்ள அனுப்ப வேணுமாம்."

"பைதன் போட்டா ஒரு நாள் வேலை நானா," என்றேன்.

போடுவதற்கே மூன்று நாள் போனது. இணைய டொங்கிளில் இறக்கினால் பாதியில் அறுந்துவிடும். கடைசியில் ஒரு வகுப்புத் தோழி பென்டிரைவில் கொண்டுவந்து தந்தாள். ஏற்றினால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்று கறுப்புத் திரை அடம்பிடித்தது. அது இருக்கும் இடத்தை விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு பகல். தமிழில் பெயர் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். அதற்கு மேல் பொறுமையில்லை. ஆங்கிலப் பெயரே போதும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கு ஒரு வழி செய்தேன். ஆங்கில உயிரெழுத்துகளையும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என எனக்குப் பட்ட h, y போன்ற இரண்டொரு எழுத்தையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒப்பிடச் சொன்னேன். பெயரும் வாப்பாவின் பெயரும் முகாமும் ஒத்துப்போனால் ஒரே ஆள், இரண்டாவதை நீக்கிவிடு. அடையாள அட்டை எண்ணைப் பார்த்திருக்கலாம். பாதிப் பேருக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

வியாழன் பின்னேரம் ஓட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வெட்டின பேரையெல்லாம் ஒருக்காப் பாப்பமா?" என்று நானா கேட்டார்.

"கம்பியூட்டர் பிழை விடாது நானா." நான் திரையிலிருந்து தலையைத் திருப்பக்கூட இல்லை. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

சில மாதம் கழித்து ஆசியா உம்மா வந்தார். கல்பிட்டி ரோட்டு முகாமில் தனியாக இருந்தவர். உப்பள வேலையில் பாதமெல்லாம் வெடித்திருந்தது. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"எல்லாருக்கும் வீடு கட்டக் கடிதம் வந்திட்டு மகள். என்ட பேர் மட்டும் இல்லையாம்."

நீக்கிய பெயர்களைத் திறந்தேன். ஆயிஷா உம்மா, வாப்பா அப்துல் காதர். ஆசியா உம்மா, வாப்பா அப்துல் காதர். ஒரே முகாம். என் விதிப்படி இரண்டு பெயரிலும் ஒரே எழுத்துகள் மிஞ்சி, ஆயிஷாவும் ஆசியாவும் ஒன்றாகியிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் ஒராள் எண்டு எடுத்திட்டு உம்மா. நான்தான் செய்தது."

அவர் கோபப்படவில்லை.

"அவ என்ட பக்கத்து வீடு மகள். வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

அந்த முகாம் பஸ்ஸில் பத்து நிமிஷம்.

நானாவும் நானும் கடிதம் எழுதினோம். மூன்று தரம் நேரில் போனோம். பட்டியல் மூடியாயிற்று, அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். ஆயிஷா உம்மா மன்னாரில் வீடு கட்டிப் போகும்போது, தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழுதாராம். "சொந்தக் காணி இருக்க, நான் ஏன் ஆக்கள்ட வீட்டில?" என்று ஆசியா உம்மா மறுத்துவிட்டார். மீன்பிடிக்கப் போன கணவரைக் கடல் கொண்டுபோன ஊர் அது. அந்தக் கரையில் கண்மூட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. அடுத்த மாரியில் காய்ச்சல் வந்து, முகாமின் கிடுகுக் கொட்டிலிலேயே மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்ட நானும் தண்ணீர் ஊற்றினேன். ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். சங்கம் இல்லை. அறை இருந்த இடத்தில் போன் கடை. முகாம் காணியில் தென்னங்கன்று வைத்து முட்கம்பி அடித்திருக்கிறார்கள். அவரை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை; சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். கல் நடாத கப்று மேடுகள் நிறைய இருந்தன. எது அவருடையது என்று காட்டுவதற்கு, முகாமில் இருந்தவர்கள் ஒருவரும் அங்கே மிச்சமில்லை.