மீன்பாடி வண்டிக்கு நானே ஹாரன்

நிருபருக்கு வேண்டியது பேனாவும் மூக்கும் என்பார்கள். வடசென்னை நிருபருக்கு முதலில் வேண்டியது கண்டெய்னர் லாரிகளைத் தாண்டிப் போக ஒரு வழி. எண்ணூர் சாலையில் லாரியின் பின்கதவைப் பார்த்தபடியே பாதி ஆயுளைக் கழித்த சக பயணிகளே, இது உங்களுக்காக.

ஆண்டுக்கு ஒரு செய்தி

மூன்று சக்கரம், முன்னால் சரக்கு வைக்கும் பலகை, பின்னால் ஓட்டுபவர், நடுவில் என்றோ செத்துப்போன ஸ்கூட்டரின் இன்ஜின். இதுதான் மீன்பாடி வண்டி. 'போக்குவரத்துக்கு இடையூறாக மீன்பாடி வண்டிகள்' என்று ஆண்டுக்கு ஒரு முறை எழுதுவேன். வேறு செய்தி கிடைக்காத நாளில் கைகொடுக்கும்.

ஒருமுறை அந்தச் செய்தியில், காசிமேட்டில் மீன் ஏற்றும் அந்தோணியின் வண்டி படத்தோடு வந்துவிட்டது. அவர் அந்தச் செய்தியைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹேண்டில்பாரில் கட்டி வைத்திருந்தார். கோபமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு சார்? வண்டிக்கு ஆர்சி புக்கே இல்ல. இப்ப இதான் ரெக்கார்டு."

கிரகங்களின் ஒழுக்கம்

நான் கார் வாங்கினேன். வாங்கிய பிறகு போன மூன்று கூட்டங்களிலும், நான் நுழைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை லேட்டானா, ராசிபலன் பக்கத்துக்குப் போயிடுங்க. அங்க கிரகமெல்லாம் டைமுக்கு வந்துடும்."

முன்பலகை

அடுத்த வாரம் எண்ணூரில் பத்து மணிக்கு மீனவர் குறைதீர் கூட்டம். ஒன்பதேகாலுக்கு நான் திருவொற்றியூரில், இரண்டு லாரிகளுக்கு நடுவில். கண்முன் மேஷம், ரிஷபம், மிதுனம் எல்லாம் வரிசையாக வந்தன. காரை ஒரு டீக்கடை ஓரம் விட்டுவிட்டு இறங்கி நடந்தேன்.

பின்னாலிருந்து அந்தோணியின் குரல். "இடையூறு வந்துகீது. ஏறிக் குந்து சார்!"

ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால், பலகை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். எது மோதினாலும் முதலில் என்மீதுதான் மோதும் என்பது புரிந்ததும், ஹாரன் எங்கே என்று கேட்டேன். "நீதான்" என்றார். "கொஞ்சம் வழிவிடுங்கள்" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. எந்த நாளிதழும் அச்சிடாத சில சொற்களைச் சேர்த்துக்கொண்டேன். வழி பிறந்தது. கார் நுழையாத சந்துகளில் எல்லாம் வண்டி புகுந்து புறப்பட்டது.

ஒன்பது ஐம்பதுக்கு, பேண்ட்டில் மீன் வாடையோடு ஐஸ் தண்ணீர் சொட்ட, முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இரு பக்கத்து நாற்காலிகளும் உடனே காலியாயின. பின்னாலேயே வந்த பூனை மட்டும் போகவில்லை. ஓர் அதிகாரி மரியாதையாகக் குனிந்து சொன்னார்:

"இது பிரஸ்சுக்கு. மீனவர் பிரதிநிதிங்க அந்தப் பக்கம் உட்காருங்க."

புது ஹாரன்

அதன்பிறகு எங்கு போனாலும் அந்தோணியின் வண்டிதான். நான் எங்கும் தாமதமாகப் போகவில்லை. அந்தோணிக்கு ராசிபலன் கதையையும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் திருவொற்றியூரில் ஒரு பள்ளி விழா. எங்கள் செய்தி ஆசிரியர்தான் தலைமை. செய்தி எடுப்பது நான். தண்டையார்பேட்டையில் லாரிகளுக்குப் பின்னால் அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது. நான் முன்பலகையில் கத்திக்கொண்டே அதைக் கடக்கும்போது கண்ணாடி இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். காரிலிருந்து இறங்கி வந்து ஏறினார்.

விளிம்பில் ஒருவருக்குத்தான் இடம். நான் பின்னால் ஐஸ் பெட்டி மேல் ஏறிக்கொண்டேன். வேலை என்ன என்று அவருக்கு அந்தோணி விளக்கினார். "தயவுசெய்து..." என்று தொடங்கினார் ஆசிரியர். யாரும் நகரவில்லை. "அன்புகூர்ந்து..." என்றார். ஒரு சைக்கிள்கூட நகரவில்லை. அந்தோணி என் காதருகே குனிந்தார்.

"பழைய ஹாரனே தேவல சார். இவர ராசிபலனுக்கு அனுப்பிடு."

நான் மறுபடி விளிம்புக்கு மாறிக் கத்த, விழாவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். என் வேலை தப்பியது. ஆண்டுச் செய்தி இந்த ஆண்டும் தவறாமல் வந்தது, தலைப்பை மட்டும் ஆசிரியரே தன் கையால் திருத்தியிருந்தார்: 'மீன்பாடி வண்டிகளுக்கு இடையூறாகக் கண்டெய்னர் லாரிகள்.'