பதினேழு நிமிடம்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, நான், என்னோடு சேர்ந்து வேலை பார்த்த அவர். பள்ளிக்கூடங்களில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் ஒரு லினக்ஸ் தொகுப்பு தயாரித்துக் கொடுத்தோம். உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாக விட்ட மென்பொருள்களைச் சேர்த்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி கட்டித் தருவதுதான் வேலை. கீழேயிருந்து மிளகாய்த்தூள் நெடி ஏறும். இருவரும் மாறி மாறித் தும்முவோம். அந்தத் தும்மல்கூட இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய பெட்டிகளில் கடிகார பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கம்ப்யூட்டர் குழம்பி, பாதியில் நின்று, ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி கேட்கும். டீச்சர்கள் பதறி எங்களுக்கு போன் செய்வார்கள். அவர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு ஒரு திருத்தம் எழுதினார். கம்ப்யூட்டர் நேரத்தை அவ்வப்போது டிஸ்க்கில் குறித்து வைத்து, மறுபடி திறக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளும். போன்கள் நின்றன.

"இத நாமளே வச்சுக்கக் கூடாது மேடம். மூல மென்பொருள எழுதுறவங்களுக்கே அனுப்பிடுங்க. எல்லா தொகுப்புக்கும் போய்ச் சேரட்டும்" என்றார். அவர் பிரெஞ்சில் படித்தவர். ஆங்கிலக் கடிதமெல்லாம் என் பொறுப்பு.

எனக்கு மனசு வரவில்லை. எங்களிடம் மட்டும் இருந்த ஒரே நல்ல விஷயம் அது. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் எங்களை யார் தேடி வருவார்கள்? மற்றதெல்லாம் யாரோ எங்களுக்குத் தூக்கிக் கொடுத்தது என்பது அன்று உறைக்கவில்லை. "அனுப்பிட்டேன் சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தினமும் படியேறி வந்ததும், "பதில் வந்துச்சா?" என்பார். "இன்னும் இல்ல" என்பேன். இரண்டு மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டார். "நான் எழுதுனது அவங்களுக்குச் சரியாப் படல போலிருக்கு" என்று, நன்றாக இருந்ததையே மூன்று முறை மாற்றி எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பிறகு அவர் பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அடுத்த வருடம் மூல மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. எங்கள் திருத்தம் அதில் பொருந்தவில்லை. மறுபடி டீச்சர்களின் போன். அவர் எழுதியதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், அவர் பெயரைப் போட்டு மூலத்தாருக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே பதில் வந்தது. அருமையான வேலை, புதிய பதிப்பில் நாங்களே பொருத்திக்கொள்கிறோம், ஒரே ஒரு சந்தேகம்: நேரத்தை ஏன் பதினேழு நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கிறீர்கள்?

எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் பொய்யையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் அவருக்கு எழுதி அனுப்பினேன்.

எனக்கு அவர் பதில் போடவில்லை. மூலத்தார் இணையத்தில் நடத்தும், எல்லாரும் படிக்கும் பொது விவாதத்தில், தன் தடுமாறும் ஆங்கிலத்தில் தானே எழுதியிருந்தார். ஒரு கடலோரப் பள்ளியில் கரண்ட் போகும்போதெல்லாம் உட்கார்ந்து பார்த்தாராம். அங்கிருந்த யு.பி.எஸ். இருபது நிமிடம்தான் தாங்கியதாம். அது அணைவதற்குள் ஒருமுறையாவது நேரம் பதிவாகிவிட வேண்டும் என்று விளக்கியிருந்தார்.

போன வாரம் கோரிமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கரண்ட் போய் வந்தது. கடைக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது வேறு யாரோ தயாரித்த தொகுப்பு. "பேட்டரி செத்து ரெண்டு வருசம் ஆவுதுங்க. ஆனா டைம் பாருங்க, கொஞ்சம் முன்ன பின்ன, கரெக்டா காட்டுது" என்றார் பெருமையாக. அவருடைய திருத்தம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய விவாதத்தைத் திறந்தேன். அவர் எழுதியதை மறுபடி கடைசி வரை படித்தேன். விளக்கத்துக்குக் கீழே இரண்டே வரி: "அனுப்பத் தாமதமானதற்கு மன்னிக்கவும். தவறு என்னுடையது."