மகளின் அளவுக்கு ஒரு துவக்கு

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதில்லை. வளருகிற பிள்ளை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் கணவர் மகளுக்கு எல்லாவற்றையும் பெரிதாகவே எடுப்பார். பள்ளிக்கூட பிளேசரின் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். சப்பாத்தின் முனைக்குள் பஞ்சு அடைப்போம். வன்னியை விட்டு மெல்பேர்ணுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் இந்தப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஆனால் பிள்ளை வளரவேண்டுமே! பதினைந்து வயதில் என் உயரத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டாள். என் குடும்பப் பக்கத்தில் அதற்குமேல் வளர்ந்த சரித்திரம் இல்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நான் சொன்னால், தன் அக்காமார் எல்லோரும் பிந்தித்தான் வளர்ந்தார்கள் என்பார்.

பிளேசரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துப்பாக்கியிலும், எங்கள் பேச்சில் துவக்கு, இதைத்தான் செய்தார்.

டண்டினோங்கில் அவர் வேலை செய்யும் கிடங்கில் ஒருவர், விக்டோரியாவின் மலைக்காடுகளில் மரை மான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதுவும் நம்முடைய சிலோன் மரையாம், வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டதாம். சின்ன வயதில் மரை இறைச்சி வத்தல் தின்று வளர்ந்த மனிதருக்கு அதற்குப் பிறகு நித்திரை வருமா? லைசன்ஸ் எடுத்தார், துவக்கு வாங்கினார். இதெல்லாம் அடங்கிப்போகிற ஆசை என்றுதான் நினைத்தேன். ஆனால் மகள் தானும் வருகிறேன் என்று காரில் ஏறியதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் தகப்பனோடு பேசும் பிள்ளை இல்லை. ஓகே, வட்எவர், இரண்டும்தான். அவர் தமிழில் கேட்பார், அவள் ஃபோனைப் பார்த்தபடி இங்கிலிஷில் முனகுவாள். ஆனால் காட்டுக்குப் போய்வந்த நாளில் இருவரும் கராஜில் இருந்து சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டு சிரிப்பார்கள். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் கிடத்தி, முதுகு விட்டுப்போய் வீட்டுக்கு வருகிற நான், யூனிஃபோமைக் கூட மாற்றாமல் குசினியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கேட்காது என்று கோப்பைகளை அப்படியே விட்டுவிடுவேன். அது நின்றுபோனால் அவர்கள் இருவருக்கும் பேசுவதற்கு இந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

சிறுவர்களுக்கான லைசன்ஸ் கிடைத்ததும் அவளும் சுடப் பழகத் தொடங்கினாள். துவக்கு அவருடையது, அவருடைய கைக்கு வாங்கியது. தோளில் முட்டுகிற மரப்பகுதியை ஊரில் சோங்கு என்போம். அந்தச் சோங்கு அவளுக்கு நீளம். விசையைத் தொடுவதற்குக் கழுத்தை நீட்டி, உடம்பை முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது சோங்கு தோளின் குழியில் இருக்காது, வழுக்கிக் கைப்புறத்துக்கு வந்துவிடும். சுட்டு முடித்து வீட்டுக்கு வந்தால் கை கன்றிப் போயிருக்கும். சின்னத் துவக்கு ஒன்று வாங்குங்கோ என்றேன். மரைக்குச் சின்னது சட்டப்படி கூடாதாம். அப்படியென்றால் சோங்கை வெட்டுங்கோ என்றேன்.

"வெட்டினால் பிறகு ஒட்டேலாது. வளருற பிள்ளை, இன்னும் கொஞ்சத்தால் சரியா வரும்."

சரியாக வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலக்குச் சுடும் மைதானத்தில், துவக்கு பின்னுக்கு உதைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு அவள் புருவத்துக்கு மேல் வெட்டிவிட்டது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இவர், "பயந்து கண்ணை மூடினால் இப்பிடித்தான்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான், வாய்தான் சனி.

"ஐ'ம் டன். இனி நான் வரேல்லை" என்றாள். அறைக் கதவு சாத்தப்பட்டது.

அதன்பிறகு கராஜ் ஊமையாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அவர் தனியாகப் போனார், தனியாக வந்தார். எனக்கு இருவர் மீதும் எரிச்சல். அதைவிடக் களைப்பு. இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கவும் நான்தான் எழும்ப வேண்டியிருக்கிறதே என்ற களைப்பு.

"அவள் பயப்பிடேல்லை. அவளுக்கு எட்டேல்லை" என்று ஒருநாள் சொன்னேன். "இனியும் அவள் வளரமாட்டாள். என்னை ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் அடுத்த விடுமுறை நாளில், ஸ்பிரிங்வேலுக்கு அப்பால் துவக்குத் திருத்தும் ஒருவரிடம் போனோம். மகள் வர மறுத்துவிட்டாள். கடைக்காரரோ, யாருக்கு வெட்டுவது, ஆள் எங்கே, அளவில்லாமல் மரத்தில் வாள் வைக்க மாட்டேன் என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். அவளும் நானும் ஒரே சப்பாத்தையும் ஒரே குர்தாவையும் மாறி மாறிப் போடுகிறவர்கள். கைநீளமும் ஒன்றுதான்.

"உமக்கு ஏலாதெண்டால் விடும்" என்றார் மெதுவாக.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், நான் முன்பே துவக்குப் பிடித்தவள். இவளுடைய வயதில், போர்க்காலத்தில், வன்னியில் இயக்கத்துக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பயிற்சி தந்தார்கள். கொஞ்சக் காலம்தான், பிறகு தப்பி வந்துவிட்டேன். அங்கேயும் சோங்கு எனக்கு நீளம்தான். துவக்கில் பிழை என்று அங்கே யாரும் சொன்னதில்லை, கையை நீட்டு என்றுதான் கத்தினார்கள். இது அவருக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று அவள் பிறந்தபோதே சத்தியம் வாங்கியிருந்தேன்.

வெறும் துவக்குத்தான், குண்டில்லை என்று கடைக்காரர் திறந்து காட்டினார். வாங்கித் தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய் மரத்தில் படிந்தது. விரல் விசைக்குள் போகாமல் வெளியில் நீட்டி நின்றது. நான் மறந்துவிட்டதாக நினைத்ததை உடம்பு மறக்கவில்லை.

"யூ'வ் டன் திஸ் பிஃபோர்" என்றார் கடைக்காரர்.

"நோ" என்றேன். என் கணவர் வெளியே நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பென்சிலால் கோடு போட்டார். வெட்டி, உதைப்பைத் தாங்கத் தடித்த ரப்பர் பூட்டி, ஸ்கோப்பை நகர்த்தித் தருவதாகச் சொன்னார். இந்த நாட்டில் எனக்கு அளவாக எதுவும் இருந்ததில்லை. குசினி அலுமாரிக்குக் கதிரை போட்டு ஏறுகிறேன், கார் ஓடக் குஷன் வைத்து இருக்கிறேன். முதன்முதலாக ஒன்றை என் அளவுக்கு வெட்டினார்கள், அதுவும் துவக்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

துவக்கு வீட்டுக்கு வந்தும் மகள் சில நாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மாலை, தகப்பன் கராஜில் அதைத் துடைத்துக்கொண்டிருக்க, தானாகப் போய் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். "ஓ" என்றாள், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். கை கன்றாமல் திரும்பி வந்தாள். அடுத்த கிழமை காட்டுக்கும் போனார்கள். மரை கண்ணிலேயே படவில்லையாம்.

வந்தவள் அறைக்குப் போகாமல் குசினி வாசலில் நின்றாள். நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்கட துவக்கையும் வெட்டித் தந்தவையோ?"

முதலில் விளங்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். என் கணவர் காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, எடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அப்போது விளங்கியது.

"இல்லை" என்றேன்.

"அப்பா போகேக்கையும் சொன்னவர், வரேக்கையும் சொன்னவர். வழி முழுக்க உங்களைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்." இத்தனையும் தமிழில் சொன்னாள்.

கோபம் வந்தது. சத்தியத்தை மீறியவர் மேல் ஆத்திரமாக வந்தது. தகப்பனும் மகளும் பேச ஏதாவது ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டது நான்தான். அவர்கள் கண்டெடுத்தது என்னை. போய்ச் சண்டை பிடிக்கலாம், ஆனால் விடியவே வேலை, கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த மனிதர் சொன்னது எப்படியும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இரு என்று அவளிடம் சொன்னேன்.