விழுந்தா ஒரு கிளிக்

வீடியோ பார்த்துக் கிளிக் பண்றதும் ஒரு வேலைதாங்க, நம்புங்க. சாயங்காலமானா கண்ணு எரியும், கழுத்து பிடிச்சுக்கும். ஸ்க்ரீன் முன்னாடி காலம் தள்ளுற சக பாவிகளுக்கு இது புரியும்.

செஞ்சியில உரக்கடைக்கு மேல்மாடியில எங்க ஆபீஸ். ஐரோப்பாவில கிளப்புங்களுக்குள்ள நடக்கிற பாஸ்கெட்பால் போட்டி, அதுவும் கொரோனாவால பாதியில நின்னுபோன பழைய சீசன், அதைத்தான் எங்க தலையில கட்டினாங்க. கூடையில பந்து விழுந்தா ஒரு கிளிக், ஃபவுலுக்கு ஒரு கிளிக், ஆள் விழுந்தா ஒரு கிளிக். கம்ப்யூட்டருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறோமாம்.

நோகாத வேலை

கழுத்துல தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். ஹவுஸ் ஓனர் அம்மா வந்து என்ன வேலைன்னு கேட்டாங்க. நெட்டை நெட்டையா ஆளுங்க ஓடுறதைப் பார்க்கிற வேலைன்னு விளக்கமா சொன்னேன். முழுசா கேட்டுட்டு, வேர்க்கடலைக் கொல்லையில பாடுபடுற அந்தம்மா சொன்னது:

"வெயில்ல ஒருநாள் மல்லாட்டை புடுங்கிப் பாரு, வலி இன்னான்னு அப்ப தெரியும்."

தேன்மொழி நின்னுடுவா

பக்கத்து சீட்டு தேன்மொழி, சிங்கவரத்திலிருந்து சைக்கிள்ல வர்றவ. கை நல்ல வேகம். ஆனா ஆள் விழுந்துட்டா மட்டும், கிளிக் பண்ணிட்டு அங்கேயே நின்னுடுவா. அவன் எழுந்து நொண்டியாவது நடந்தாத்தான் அடுத்ததுக்குப் போவா. அந்த ஆட்டத்துல எவனாவது விழுந்துக்கிட்டே இருப்பான், வேலை எப்படி நகரும்? டீம் லீடர் பாரூக் சார், இப்படியே போனா சீட்டு போயிடும்னு சொல்லிட்டார். அவ பிள்ளைங்க சாப்பிடுறதே அந்தச் சம்பளத்துலதான்.

எனக்குப் பொறுக்கலை. டீ குடிக்கிறப்ப, ஏண்டி இப்படிப் பண்றேன்னு சண்டைக்கே போயிட்டேன். அவ வீட்டுக்காரர் சென்னையில கட்டட வேலை செஞ்சவர், சாரத்திலிருந்து விழுந்து செத்துட்டார், அது எனக்குத் தெரியும். மீதியை அன்னிக்குத்தான் சொன்னா:

"விழுந்துட்டாருன்னு மட்டும்தான்க்கா போன்ல சொன்னாங்க, எழுந்துடுவாருன்னு நானும் சோறாக்கிட்டு இருந்தேன்."

பச்சை பனியன்காரன்

ஒருநாள் அவளுக்கு வந்த மேட்ச் ஃபைல்ல ஒரு பச்சை பனியன்காரன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். எழுந்திருக்கலை. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. தேன்மொழி வேலையை விட்டுட்டு அந்த டீமோட அடுத்தடுத்த மேட்ச்சையெல்லாம் ஓட்டி ஓட்டித் தேடினா. எதிலயும் அவனைக் காணோம். கடைசி மேட்ச்சுல பார்க்க வந்த ஜனமே இல்லை, பந்து தட்டுற சத்தம் மட்டும்தான். அதுக்கப்புறம் ஃபைலே கிடையாது. பாரூக் சார் அவ பின்னாடி வந்து நின்னார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேல இருந்து டென்ஷன்.

"சீசனே நின்னுபோச்சும்மா, இனிமே யாரும் எழுந்து வரமாட்டாங்க, நீ ஃபைலை முடி."

பஸ் ஸ்டாண்டுல

அந்த வாரமே அவளை வரவேண்டாம்னுட்டாங்க. அவளுக்குச் செய்யறதுக்கு வேற ஒண்ணும் இல்லாம, அந்தப் பச்சை பனியன்ல இருந்த பேரை வச்சு அவனைப் போன்ல தேடினேன். மறுவருஷமே நல்லா ஆடியிருக்கான்.

கொஞ்ச நாள் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல தேன்மொழியைப் பார்த்தேன். வேலை இன்னும் கிடைக்கலை, முகம் வாடிக் கிடந்துச்சு. இதையாவது கேட்டுச் சந்தோஷப்படுவான்னு, அவன் எழுந்துட்டாண்டீன்னு சொன்னேன். அதுக்கு அவ கேட்டது:

"அவரு சம்சாரத்துக்கு அதை யாருனா ஒடனே போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்களாக்கா?"

அவ சீட்டுக்கு இப்ப பனமலைப் பொண்ணு ஒருத்தி வந்திருக்கா, விழுந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காம கிளிக் பண்ணிட்டுப் போறதால இந்த மாசம் ஆபீஸ்லயே நல்ல பேரு அவளுக்குத்தான்.