பச்சைக் காருக்கு ஓர் அடைக்கட்டை

எழுபதுகளில் நான் பதுளையில் ஓர் இரும்புக்கடை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அவர் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு, இரண்டே சீட், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் அதற்குச் சோடி கிடையாது. அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. என்ஜின் உடைந்தபோது ஒரு சாமான்கூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது.

முதலாளியின் மச்சான் கராஜ் வைத்திருந்தார். விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றின் என்ஜினைக் கழற்றி இதற்குள் இறக்கிவிட்டார். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு குடும்பம் குடியேறின மாதிரி இருந்தது. பொனட் மூடவில்லை. நடுவில் வெட்டி, தகரத்தில் ஒரு திமில் அடித்து ஒட்டினார்.

"இனி அப்புத்தளை ஏத்தத்தில டொப் கியர்லயே போகலாம்" என்றார்.

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு இறங்குவதைப் பற்றித்தான் கவலை. என்ஜின் பெரிசு, பிரேக் அதே பழசு. எங்கள் பக்கத்தில் ஏறினவன் இறங்காமல் எங்கே போவான்?

நான் அப்படிப்பட்ட ஆள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அஞ்சாம் வகுப்போடு விட்டுவிட்டு, லுணுகலைப் பக்கம் லொறியில் கிளீனராகப் போனவன். சரிவில் லொறி நின்றதும் குதித்து, டயருக்கு முட்டாக அடைக்கட்டையைச் செருகுவதுதான் கிளீனரின் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் பச்சைக் காருக்குள்ளும் ஒரு கட்டையைப் போட்டுவைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது? ஸ்போர்ட்ஸ் காருக்கு லொறிக் கட்டையா? ஊரே சிரிக்கும். எடு வெளிய."

எடுத்தேன். அவர் தலை மறைந்ததும் சாக்கில் சுற்றி மறுபடி வைத்தேன்.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவரைப் பச்சைக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு என்றால் இறக்கம்தான்.

"பகல் லுஹர் தொழுதவுடன நிக்காஹ். பிந்தப்படாது, விளங்கிச்சா?"

முதல் நாளே பிரேக்கை நாலு தரம் மிதித்துப் பார்த்துவிட்டேன். காலையில் நான் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் முன்னால் போய்விட்டார்கள். கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாக ஏறி உட்கார்ந்த மாப்பிள்ளையின் காலில் சாக்குப் பொதி தட்டியது.

"என்னண்ணே, மாமா சீதனத்த இப்பவே அனுப்பிட்டாரா?"

"இல்லீங்க மாப்பிள, மரக்கட்டைங்க."

அவர் பொதியைக் காலால் ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

தெமோதரையைத் தாண்டியதும் பிரேக் கருகும் வாசம் வந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. முருகா! இரண்டாம் கியர், உடனே முதல் கியர் என்று தட்டிவிட்டேன். அந்தப் பெரிய என்ஜின் யானை மாதிரி பிளிறிக்கொண்டு, யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பதுபோல் காரைப் பிடித்தது. எந்த என்ஜினை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேனோ, அதுதான் இறக்கத்தில் எங்களைத் தாங்கியது.

வளைவு திரும்பினால் குறுக்கே ஒரு பஸ் நிற்கிறது. காரை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து, கியரிலேயே வைத்து, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். குலுங்கி நின்றது. ஆனால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்த கையை விட எனக்குத் துணிவில்லை.

"மாப்பிள, அந்தக் கட்ட! முன் டயருக்கு வைங்க!"

மனுஷன் சாக்கை உதறிவிட்டுக் குதித்தார். மாலை ஆட, சேற்றில் முழங்காலை ஊன்றி, கட்டையைச் செருகினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு முந்தியே மாமன் வேல குடுத்துட்டாருடோய்!"

"கோட்டுப் போட்ட கிளீனர இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று நடுங்கினேன். அவரோ அசல் கிளீனர் மாதிரி பொனட் திமிலில் ஒரு தட்டுத் தட்டி, "ரைட்!" என்று கத்தினார். பஸ்ஸே அதிர்ந்து சிரித்தது.

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, பிறகு முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தோம். வேன் வந்தும் மாப்பிள்ளை வராததால் முதலாளி வாசலில் முகம் காய்ந்து நின்றிருந்தார். மாப்பிள்ளை இறங்கினார்: முழங்காலில் சேறு, கோணல் மாலை, கக்கத்தில் கட்டை.

"இது என்ன மருமகன்?"

"இது வராட்டி நானும் வந்திரிக்க மாட்டேன் மாமா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்ற மரத்தைப் பார்த்தேன். "மொதல்ல நிக்காஹ் முடியட்டும்" என்றவர், திரும்பி மச்சானைத் தேடிப் பிடித்து, "பிரேக்க மாத்தாம இந்தக் கார் அசையப்படாது" என்றார்.

அடுத்த வாரம் அவரே பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, கட்டைக்குக் காரின் பச்சையையே பூசினார்.

"இப்ப காருக்குச் சோடி இரிக்கி" என்று தூக்கிக் காட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் ரோட்டோரமெல்லாம் புல். அவசரத்தில் இந்தப் பச்சைக் கட்டை கைதவறி அதற்குள் விழுந்தால் எப்படித் தேடி எடுப்பது என்று அன்றைக்கு இரவே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.